வரிசையாகக் கிடந்த சோளத்தட்டை

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் அவர் சீப்புக்காரர்தான். சீப்பு விற்றுப் பிழைத்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சாலையோரத்தில் நிலமும் கொட்டகையில் டிராக்டரும் வைத்திருக்கும் விவசாயி. அவர் உழுது முடித்த நிலம், பள்ளிக்கூடப் புகைப்படத்துக்காகத் தண்ணீர் தொட்டு வாரிவிட்ட பிள்ளையின் தலை போல இருக்கும். கோடு கோடாக, ஒரு புல் பூண்டு இல்லாமல். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்கிறார்களா என்று அவரும் பார்ப்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாக, மூக்கு தெருவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வந்தவர்கள் தாறுமாறாகக் கழற்றிப் போட்டால், பேச்சு பேச்சாக இருக்க, காலால் நகர்த்தி வரிசையில் சேர்த்துவிடுவார். கொட்டகைச் சுவரில் மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர் என்று ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் உருவம் வரைந்து, அந்த உருவத்துக்கு மேலேயே ஆணி அடித்து மாட்டியிருப்பார். ஒரு ஸ்பேனர் இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் கொட்டகையின் நடுநாயகம் ஒன்பது கொத்துக் கலப்பை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம். அதிலிருந்து தொங்கும் ஒன்பது வளைந்த கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் மண்ணைக் கிழிக்கும் கொழு. வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைப்பார்.

"எனக்கு முட்டிவலின்னா தைலம் தேய்ச்சு விட ஆள் இல்ல. இதுக்கு மட்டும் ஒம்பது முட்டிக்கும் எண்ணெயா?" என்பார் மனைவி.

"நீ என்ன, துருவா பிடிக்கப் போற?" என்பார் சீப்புக்காரர். சமாதானமாகத்தான் சொல்வார். அது சமாதானமாக எடுபடாது.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் வந்து ஒழுங்கைக் கெடுத்தது மழை. முன்பெல்லாம் அது வருகிற மாதத்தில் வந்து, பெய்கிற அளவு பெய்து, மரியாதையாகப் போகும். சில வருடங்களாக அதற்குப் புத்தி கெட்டுவிட்டது. மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பருவம் முழுவதற்குமான மழையை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. பூமி சூடாகிவருவதால் இப்படி என்று டிவியில் படம் போட்டு விளக்கினார்கள். சீப்புக்காரர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். பூமி சூடாவதுகூட அவருக்கு விளங்கியது. மழைக்கு ஒழுக்கம் கெட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்படிக் கொட்டும்போதெல்லாம் அவருடைய அழகான கோடுகள் வழியாகவே தண்ணீர் ஓடியது. வாரிவிட்ட வகிடுகள் எல்லாம் வாய்க்காலாயின. பொடிப்பொடியாக உழுதிருந்த மேல்மண் சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் மேனேஜர் வீட்டு கேட்டில் போய் நின்றது. மேனேஜர் என்பவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபத்தைக்கூட மரியாதையாகக் காட்டுவார்.

"உங்க நிலம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு," என்றார் ஒரு நாள் சீப்புக்காரரிடம். "காபி சாப்பிடுதான்னு கேட்டேன், பதில் சொல்லல. வந்து அழைச்சிட்டுப் போறீங்களா?"

"மழை பெஞ்சா மண்ணு கொஞ்சம் போகத்தான் சார் செய்யும்."

"கொஞ்சமா? என் ஸ்கூட்டர்ல பாதிச் சக்கரத்தக் காணோம் சார்."

சீப்புக்காரர் இதைச் சிரித்துக் கழித்துவிட்டார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. விதை போடுவதும் களை எடுப்பதும் அந்த அம்மாள்தான். சாலையோரப் பகுதியில் முன்பு மண்வெட்டி போட்டால் மெத்தென்று இறங்கும். இப்போது ணங்கென்று கல்லில் மோதுகிறது. இன்னும் சில வருடம் இப்படியே போனால் பத்திரம் மட்டும் கையில் இருக்கும், நிலம் மேனேஜர் வீட்டில் இருக்கும் என்று அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூட்டுறவுச் சங்கத்தில் மண் காக்கும் விவசாயம் என்று ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அங்கே ஃபேன் ஓடும் என்று கேள்விப்பட்டுத்தான் போனதாக அம்மாள் இன்றுவரை சொல்கிறார். ஃபேனுக்குப் போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் பிடித்து மேஜையில் வைத்தார்.

"அது என் காபி டம்ளர்," என்றார் சீப்புக்காரர்.

"தெரியும். சும்மா பாருங்க."

ஒன்றில் அவருடைய உழுத நிலத்துக் கட்டி. இன்னொன்றில் வேலியோரம், சருகுக்கு அடியில், கலப்பையே படாத இடத்துக் கட்டி. உழுத மண் தண்ணீரில் இறங்கிய வேகத்தில் கரைந்து குழம்பாகிவிட்டது. வேலியோர மண் மட்டும் அசராமல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தண்ணீர் வழியாகப் பின்னாலிருந்த காலண்டர் தேதியைப் படிக்க முடிந்தது.

"வருஷா வருஷம் கிளறிக் கிளறி மண்ணோட பிடிப்பே விட்டுப் போச்சுங்க. மேல ஒரு துணி இல்லாம வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருக்கோம். உழக் கூடாது. மூடி வைக்கணும். எப்பவும் ஏதாவது வேர் உள்ள இருக்கணும்."

"உழாம விவசாயமா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"அதையும் கேட்டுப் பாத்தேன். அதுக்கு அவங்க வகுப்பு எடுக்கலையாம்."

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. நிலத்தில் பாதி அம்மாளுக்கு, பாதி ஐயாவுக்கு. ஒரு விளைச்சல் பார்ப்பது. அம்மாளின் பாதி தோற்றால் முழு நிலமும் பழையபடி கலப்பைக்கு. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அம்மாளின் பாதி ஜெயித்தால் கலப்பையை விற்றுவிட வேண்டும். சீப்புக்காரர் யோசிக்காமல் தலையாட்டினார். தோற்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அம்மாள் சாலையோரப் பாதியைக் கேட்டபோதுதான் முகம் தொங்கிப் போனது.

"பின்பக்கம் எடுத்துக்கோயேன். நிழல்கூட இருக்கு."

"சரிவு இங்கதானே? மண்ணு ஓடுறதும் இங்கதானே?"

"எல்லாரும் பாக்குற இடம்மா அது!"

"பாக்கட்டும்," என்றார் அம்மாள்.

பார்த்தார்கள். அறுவடையான மக்காச்சோளத்தின் காய்ந்த தண்டுகளான தட்டைகளை அம்மாள் வெட்டி அங்கேயே பரப்பிவிட்டார். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று இன்னொன்றின் மேல் கால் போட்டபடி. இடையிடையே குச்சியால் குத்தித் தட்டைப்பயறு போட்டார். அது முளைத்து, கொடியோடி, தட்டைகளுக்குள் புகுந்து, யார் எங்கே தொடங்குகிறார்கள் என்றே தெரியாமல் பின்னிக் கிடந்தது. சாலையோரத்து டீக்கடைக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"ஏன்?"

"இல்ல, நிலத்தப் பாத்தா ரெண்டு பேரு தலைமுடியப் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து சீப்புக்காரர் டீயை வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தார். டவுனுக்குப் போகச் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். தன் நிலத்தைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்குகிற மனிதர், இப்போது யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டினார்.

விதைப்புக்கு முன்னால், அம்மாளின் தங்கை மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். போய் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. பெட்டியைக் கட்டும்போது அம்மாள் கணவரை எதிரில் உட்கார வைத்துப் பேசினார்.

"நான் வர்ற வரைக்கும் என் பாதியில ஒண்ணும் செய்யாதீங்க."

"தண்ணி?"

"வேணாம்."

"களை?"

"என்னங்க, ஒண்ணும் செய்யாதீங்கன்னா ஒண்ணும் செய்யாதீங்க. அதான் உங்களுக்கு வேலை."

உலகத்தில் உள்ள வேலைகளிலேயே சீப்புக்காரருக்குச் செய்யத் தெரியாதது அது ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பாதியை இன்னொரு தரம் உழுதார். பிறகு, வரப்பின் மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு தட்டையை உள்ளே தள்ளப் போனார். அதைத் தள்ளியதும் பக்கத்துத் தட்டை கோணலாகத் தெரிந்தது. அதை எடுத்தார். ஒரு கொடி கூடவே வந்தது. கொடி வந்த இடம் மொட்டையாக, அசிங்கமாக இருந்தது. சுற்றிலும் கொஞ்சம் சுத்தம் செய்தால் கண்ணுக்குத் தெரியாது என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் சாலையை ஒட்டி ஒரு நீளப் பட்டை முழுக்க வெறும் மண்ணாகிவிட்டது. தட்டைகள் வரப்பில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. இவ்வளவு தூரம் வந்த பிறகு உழாமல் விட்டால் அரைகுறை வேலையாகிவிடும் அல்லவா? கலப்பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சத்தியமாக அவர் மனைவியை ஏமாற்ற நினைக்கவில்லை. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டும், உள்ளே அவள் இஷ்டம் என்றுதான் நினைத்தார். வீட்டில் எவ்வளவு குப்பை இருந்தாலும் வாசலைக் கூட்டி வைப்பதில்லையா? மறுநாள் டீக்கடைக்குப் போனார்.

"ஆஹா! அண்ணன் திரும்பி வந்துட்டாருப்பா!" என்றார் டீக்கடைக்காரர். அன்றைக்கு டீயில் இனிப்பு கூடுதலாக இருந்தது போலச் சீப்புக்காரருக்குத் தோன்றியது.

தினமும் அம்மாளிடமிருந்து போன் வரும். "நிலம் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நானும் அப்படியேதான் இருக்கேன்," என்பார். இரண்டாவது பதில் மட்டும் உண்மை.

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், கூரையில் கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம் கேட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் உழுத பட்டை கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கோடு கோடாக, ஒழுங்காக, வரிசை தப்பாமல் ஓடியது மண். பால் விட்ட டீ போலக் கலங்கிய தண்ணீர் சாலையைத் தாண்டி மேனேஜர் வீட்டை நோக்கிப் போனது. பட்டைக்குப் பின்னால், மூடிக் கிடந்த பகுதியிலிருந்து அப்படி எதுவும் வரவில்லை. ஓரத்தில் கசிந்த கொஞ்சம் தண்ணீரும் தெளிவாக இருந்தது. மீதியெல்லாம் எங்கே போனது? குனிந்து, பின்னிக் கிடந்த தட்டைகளுக்குள் கையை விட்டார். அடியில் மண் உதிரியாக, ஈரமாக, காய்ச்சல் விட்ட நெற்றி போலக் குளிர்ந்து கிடந்தது. ஒரு மண்புழு அவர் விரலைத் தொட்டுவிட்டு, ஆள் சரியில்லை என்பது போல உள்ளே போய்விட்டது.

இத்தனை வருடம் ஊர் பார்க்க வேண்டும் என்று வாரி வாரி, தன் நிலத்தைத் தானே தெருவுக்குத் துரத்தியிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது. மழையில் அழுதால் யாருக்கும் தெரியாது என்ற வசதி எல்லாருக்கும் உண்டு. கையில் குடை இருந்ததால் அவருக்கு அதுவும் இல்லை.

மழை விட்டதும் மேனேஜர் கேட்டைத் திறந்து, சொல்லவேண்டிய மரியாதையான வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வெளியே வந்தார். அங்கே ஏற்கெனவே சீப்புக்காரர் கூடையும் மண்வெட்டியுமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அழைச்சிட்டுப் போக வந்திருக்கேன் சார்," என்றார்.

மேனேஜருக்கு அந்த வாக்கியம் தேவைப்படவில்லை. உள்ளே போய் இன்னொரு கூடை எடுத்து வந்தார். இரண்டு பேருமாக அள்ளினார்கள். சாக்கடையில் போனது போக, கேட்டில் தங்கியதை மட்டும்தான் மீட்க முடிந்தது. அதைக் கொண்டுபோய்ப் பட்டையில் பரப்பி, வரப்பில் அடுக்கியிருந்த தட்டைகளை எல்லாம் திரும்பவும் மேலே போட்டு மூடினார் சீப்புக்காரர். அம்மாள் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தூர நின்று பார்த்தார். ஒன்றும் நடக்காதது போலவே இருந்தது. அவர் கண்ணுக்கு.

அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக நிலத்துக்கு எதிரில் நின்றார். சீப்புக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அப்படியே இருக்கு பாத்தியா," என்றார்.

அம்மாள் பார்த்தார். உள்ளே தட்டைகள் தாறுமாறாகக் கிடந்தன. சாலையை ஒட்டிய பட்டையில் மட்டும் ஒவ்வொரு தட்டையும் கிழக்கு மேற்காக, நுனி எல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றை ஒன்று முட்டாமல், இடைவெளி விட்டு, செருப்பு வரிசை போலக் கிடந்தது.

"என்னங்க, நல்ல மழையாமே இங்க?"

"ஆமா, செம மழை."

"காத்தும் அடிச்சதா?"

"அடிச்சுதே."

"காத்து இவ்வளவு வரிசையாவா அடிச்சுது?"

சீப்புக்காரர் தட்டைகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திரும்பவும் தட்டைகளைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் கோணல் தட்டையிலிருந்து மண்புழு வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அழுததை மட்டும் சொல்லவில்லை. அதை, ஜன்னல் வழியாகப் பார்த்திருந்த மேனேஜர் பிற்பாடு சொல்லிவிட்டார்.

அம்மாளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது. "போனது போகட்டும். இந்த வரிசையக் கலைச்சு விடுங்க," என்றார். சீப்புக்காரர் ஒரு கை தட்டையை அள்ளி வீசினார். அந்தப் பாழாய்ப்போனது நேராகவே போய் விழுந்தது. கடைசியில் அம்மாளே இறங்கிக் காலால் கலைத்துவிட்டார்.

அதே வாரம் விதைத்தார்கள். அப்புறம் மழை வழக்கம்போலக் காணாமல் போனது. சீப்புக்காரரின் பாதி காய்ந்து சுருண்டு, முதலில் சோர்ந்தது. அம்மாளின் பாதி தாக்குப்பிடித்தது. அள்ளிக் கொட்டியது என்றெல்லாம் சொல்ல முடியாது. மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது, எந்தப் பாதியினுடையது அதிகம் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சாலையை ஒட்டிய அந்த ஒரு பட்டையில் மட்டும் சோளம் இடுப்பளவுக்கு மேல் எழும்பவில்லை. எல்லாரும் பார்க்கிற இடம் வேறு. பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். இறங்கி வந்து கேட்டவர்களும் உண்டு.

"என்னண்ணே, உள்ள நல்லா வந்திருக்கு, ஓரம் மட்டும் இப்படி?" என்று டீக்கடைக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

சீப்புக்காரர் டீயைக் கீழே வைத்தார். மழை, உரம், விதை என்று சொல்ல ஆயிரம் இருந்தது. "உள்ள என் வீட்டுக்காரி செஞ்சது. ஓரம் நான் உழுதது," என்றார். சொல்லிவிட்டு மீதி டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அறுவடை முடிந்ததும் கலப்பையைக் கழுவி, கடைசியாக ஒரு தரம் எண்ணெய் தடவி, கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். வாங்குகிறவர் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். பந்தயம் என்றால் பந்தயம்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எந்த ஸ்பேனரும் இடம் மாறவில்லை என்பது அம்மாளுக்குத் தெரியும்.

"விக்க வேணாம்," என்றார் அம்மாள்.

"தோத்தது தோத்ததுதானே?"

"தோத்தீங்க. யாரு இல்லன்னா? இத இன்னொருத்தருக்கு வித்தா அவரு போய் அவரு மண்ணக் கிழிப்பாரு. எனக்கு அவரைக்காய்க்கு ஒரு பந்தல் வேணும். இரும்புப் பந்தல் யாரு வீட்ல இருக்கு?"

கொல்லைப்புறத்தில் கலப்பையைக் கல் வைத்துத் தூக்கிக் குப்புறக் கவிழ்த்தார்கள். ஒன்பது கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. அம்மாள் சுற்றிலும் அவரை விதையைக் கைபோன போக்கில் தூவிவிட்டுப் போய்விட்டார். சீப்புக்காரர் ஒன்றும் செய்யக் கூடாது என்று மறுபடியும் உத்தரவு.

கொடி ஏறத் தொடங்கிய ஒரு காலையில், பல் தேய்த்தபடி கொல்லைக்கு வந்த அம்மாள் நின்றுவிட்டார். ஒன்பது காலிலும் காலுக்கு ஒரு கொடி. எல்லாம் ஒரே உயரம். எல்லாம் இடமிருந்து வலமாகச் சுற்றியிருந்தன. கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் சீப்புக்காரர், வாயில் நூலைக் கடித்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதையாவது விட்டு வைக்கக் கூடாதா?"

அவர் வாயிலிருந்த நூலை எடுத்தார்.

"விட்டுத்தாம்மா வச்சிருக்கேன்," என்றார் பாவமாக. "வரிசையா விட்டு வச்சிருக்கேன்."